செஞ்சிக்குத் தினமும் வந்த கடல்

அன்புள்ள தேவகிக்கு,

முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் முதலில் தலைப்புகளை எழுதிப் போட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்கினேன். அது இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியமும் நகராது. ஆகவே இந்தக் கடிதத்தில் வரப்போவன:

1. பத்தடி தூரத்தில் இருக்கும் உனக்கு ஏன் கடிதம்.
2. பிச்சாவரத்தில் நான் படகில் ஏறாதது.
3. நம் வீட்டுக் கண்டல் செடி செஞ்சியில் பிழைத்ததன் காரணம்: ஒரு நாளும் தவறாமல் நான் அதற்குக் கடலைக் கொண்டுவந்து கொடுத்தது.
4. உன் கல்லூரி விஷயத்தில் நான் செய்த பிழை.
5. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நடந்தது.
6. உனக்குச் சில அறிவுரைகள். மூன்று எழுதியிருந்தேன், ஒன்றை அடித்துவிட்டேன்.
7. நீ கேட்ட கேள்விக்கு என் பதில்.

ஏழாவதைத்தான் நீ முதலில் தேடுவாய் என்று தெரியும். தயவுசெய்து வரிசையாகப் படி. வரிசையாக வந்தால்தான் எனக்கே அது வரும்.

நீ இப்போது கூடத்தில் உட்கார்ந்து, நாளை திருவண்ணாமலை போவதற்குப் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாய். உன் சிநேகிதியின் கல்யாணம், மூன்று நாளில் திரும்பிவிடுவாய். நான் தோட்டத்து ஜன்னல் ஓரம் மேசையில் இருக்கிறேன். எழுந்து வந்து சொன்னால் முடிந்துவிடும். ஆனால் வாயால் சொல்லப்போனால் எனக்கு முதல் சொல் வருவதற்குள் எதிரில் இருப்பவர் எனக்காக வாக்கியத்தை முடித்துவிடுகிறார். நானும் அதையே ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறேன். யாருக்கும் வேண்டாத அந்தத் தையல் இயந்திரம் நம் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. காகிதம் அப்படிச் செய்வதில்லை. நான் முடிக்கும்வரை அது காத்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு உன்னைப் பெண் பார்க்க அன்பரசனும் அவர் அம்மாவும் வந்துவிட்டுப் போன மாலை நீ என்னிடம் கேட்டாய்: "எனக்கு அவரப் புடிச்சிருக்குது நைனா. நீ இன்னா சொல்ற?" நான், "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். அவர்களிடமும் "எழுதுறேன்" என்றே சொல்லி அனுப்பினேன். ஆவணியில் வைக்கலாமா என்று பார்க்க வேண்டும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கார்டு போட்டுவிடுங்கள் என்று அந்த அம்மாள் போன வாரம் எழுதியிருந்தார். இன்று புதன். நீ இரண்டாவது முறை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தலைப்புகளில் சேர்க்க மறந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலையிலிருந்து அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. கண்டல் பூத்துவிட்டது! உனக்குத் தெரியும், நீதான் குதித்தாய். இருந்தாலும் எழுதி வைக்க ஆசையாக இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, கடலிலிருந்து இத்தனை தூரத்தில், இந்தப் பாறை ஊரில், ஒரு சிமென்ட் தொட்டியில், கிளை நுனியில் கொத்தாகப் பதினொரு பூ. நாலே இதழ், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், மூக்குத்திக் கல் அளவு. உன் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா எட்டு வருஷம்? எறும்பு சைசுல இருக்குது" என்றாள். உப்பு விற்கும் காதர் பாயை நானே கடைக்குப் போய் அழைத்துவந்தேன். நான் ஒருவரை வீட்டுக்கு அழைத்தது அவருக்கே ஆச்சரியம். மோந்து பார்த்தார். "சார், தேன் வாசனை அடிக்குது. எட்டு வருஷமா எங்கிட்ட உப்பு வாங்கி இதுக்குப் போட்டீங்க, இது உங்களுக்குச் சக்கரையத் திருப்பிக் குடுக்குது" என்றார். ஒன்பது மணிக்கு ராஜகிரிப் பாறையிலிருந்து தேனீக்கள் வந்தன. இப்படி ஒரு பூவை அவை பார்த்திருக்கவே முடியாது. அவற்றுக்கு யார் சொன்னார்கள் என்று நீயும் நானும் வியந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் இப்படிப்பட்ட காலை நாலைந்துதான் இருக்கும்.

இரண்டாவதற்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு போவது பனமலைக்கு அல்லது மண்டகப்பட்டுக்கு. சாயங்காலம் திரும்பிவிடலாம், யாரும் தொலைய மாட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, நீ ஒன்பதாவது படித்தபோது, சோறு தின்றுகொண்டே கேட்டாய்: "பாறைய பாக்கறதுக்குப் பாறை ஊர்லேர்ந்து எதுக்கு நைனா பஸ் வச்சு போவணும்? கடல் பக்கம் போலாமே." அந்த ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் பிச்சாவரம் போனோம். படகுக்காரர், "ஏறுங்க சார், தண்ணி இடுப்பளவுதான்" என்றார். நான், "நான் கரையிலேர்ந்து பசங்கள எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றேன். படகு மரங்களுக்குள் திரும்பி மறைந்தபிறகு எண்ணுவதற்கு யாரும் இல்லை. ஒரு மணி நேரம் கரையில் என்னையே எண்ணிக்கொண்டு நின்றேன். இருபத்தெட்டு ஆண்டுகள் கண்டல் மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன், கண்டல் காட்டுக்கு வந்தும் உள்ளே போகவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம், "உள்ளே ரொம்ப அழகு" என்று சொல்லிவிட்டேன்.

நீ திரும்பி வந்தபோது டிபன் பாக்ஸில் சேறு. அதற்குள் அவரைக்கொட்டை போல ஒரு விதை, ஏற்கெனவே வேர் விட்டிருந்தது. "மரத்துல இருக்கும்போதே மொளைச்சுடுதாம் நைனா. அப்புறந்தான் தண்ணியில வுழுந்து மெதக்குதாம். எங்க ஒதுங்குதோ அங்க நின்னுக்குதாம்." இதையே நான் வகுப்பில் நான்கு வரியில் எழுதிப் போட்டிருந்தேன். நீ சொன்னபோது முதல் முறை கேட்பது போல் இருந்தது. புறப்படும் முன் படகுக்காரரிடம் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். "இன்னிக்குப் பதினோரு மணி சார். நாளைக்கு முக்கா மணிக்கு மேல தள்ளிப் போவும், அதுக்கு மறுநாள் இன்னும் தள்ளி" என்றார். ஒரு நாளைக்கு ஐம்பது நிமிடம் என்று புத்தகத்தில் இருந்தது. அதிலிருந்துதான் மூன்றாவது தொடங்குகிறது.

கண்டல், கடலும் ஆறும் கலக்கும் சேற்றில், நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் இடத்தில் வளரும் மரம். செஞ்சியில் அது பிழைக்க வேண்டுமானால் செஞ்சிக்குக் கடல் வர வேண்டும். அது தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. தொட்டியின் அடியில் இருந்த துளையை மரக்கட்டையால் அடைத்தேன், கொண்டுவந்த கடல் வெளியே போய்விடக் கூடாது என்று. ஒரு சொம்புக்கு இத்தனை கல்லுப்பு என்று நிறுத்துக் கரைத்தேன். பகலில் வரும் ஏற்றம் எதுவோ அந்த நேரத்துக்கு, தினமும் ஐம்பது நிமிடம் தள்ளி, ஊற்றினேன். பணியில் இருந்த அந்த ஓராண்டு மட்டும் பள்ளி நேரத்தில் வந்த கடல் நாலரை மணிவரை காத்திருந்தது. பிறகு காத்திருக்கவில்லை. நம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எத்தனை பேர் சாப்பாட்டின் நடுவில் நான் எழுந்து வாளியோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள்! காதர் பாய் முதல் ஆண்டிலேயே கேட்டார்: "சார், ஊட்ல ஊறுகா கம்பெனி வச்சிருக்கீங்களா? சொன்னா நானும் பங்கு போடுறேன்ல?" நான் அவரை அழைத்துவந்து இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னேன். கண்டல் தனக்கு மிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். நக்கிவிட்டுச் சிரித்தார்: "நம்ம கடை உப்பேதான்!"

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழு நோட்டு. முதல் கோடையில் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியது. செத்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் பச்சை திரும்பியது. "தானாகத் தேறியது" என்று எழுதியிருக்கிறேன். பிறகு மண்ணுக்கு மேலே பென்சில் போல மூச்சு வேர்கள் கிளம்பின. அடுத்த ஆண்டு தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த முருங்கை பட்டுப்போனது. உன் அம்மா, "உங்க கடல்தான் எம் முருங்கைய முழுங்கிடுச்சு" என்று இன்றுவரை சொல்கிறாள். தொட்டியில் ஊற்றுவது தொட்டிக்குள் இருக்கிறது, முருங்கைக்கு எப்படிப் போகும் என்று நானும் இன்றுவரை பதில் சொல்கிறேன். என் பிடிவாதம் ஒன்றே ஒன்றில்தான், அது இதில். மனிதனாகட்டும் செடியாகட்டும், பிறந்த இடத்துத் தண்ணீரைத் தேடிக்கொண்டுவந்து கொடுத்தால் எங்கேயும் பிழைக்கும். கொடுக்கத் தவறினால் பிழைக்காது. எனக்குத் தெரிந்த அறிவியல் இவ்வளவுதான்.

நான்காவதை நீளமாக எழுத முடியவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் கடலோர ஊர் ஒன்றில் தாவரவியல் படிக்க உனக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். புயல் வரும் ஊர். "யோசிக்கலாம்" என்றேன். நான் வேண்டாம் என்று ஒரு முறையும் சொல்லவில்லை, அது உண்மை. யோசித்து முடித்தபோது சேர்க்கை முடிந்திருந்தது, அதுவும் உண்மை. நீ அழவில்லை. இங்கேயே பக்கத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தாய், தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாய், உன் வகுப்பின் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கிறது. அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் தெருக்குழாயில் நீ எல்லோரும் பிடித்து முடித்த பிறகும் நின்று, இன்னும் இரண்டு குடம் கொண்டுவருவாய். கோடையில் ஒரு குடத்துக்குச் சண்டை நடக்கும் ஊர் இது. "குழாயடியில என்ன அவ்ளோ பேச்சு?" என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். நீ, "தலைக்கு ஊத்திக்கத்தான் நைனா" என்றாய். ஒரு பெண் சிநேகிதிகளோடு கொஞ்ச நேரம் நின்றால் என்ன? அதற்கும் மன்னித்துக்கொள்.

ஐந்தாவது எனக்குப் பிடித்தது. அன்பரசன் உன்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்தவளின் அண்ணன், கழிமுகத்தை ஒட்டிய கிராமத்தில் ஆசிரியர் என்பதைத் தவிர அன்று காலைவரை எனக்கு எதுவும் தெரியாது. கூடத்தில் அவர், அவர் அம்மா, இரண்டு உறவினர்கள். கேசரித் தட்டை எல்லோர் கையிலும் கொடுத்தாயிற்று. மணி பதினொன்று நாற்பது ஆகிவிட்டது. நான் எழுந்தேன். அந்த அம்மாள் பயந்துவிட்டார். "இன்னா, பொண்ணோட அப்பா பாதியில எழுந்து போறாரு? எதனா கோவமா?" உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு வந்த நீ, தலை குனிய வேண்டிய நேரத்தில் நேராகப் பார்த்துச் சொன்னாய்: "கோவம் இல்லீங்க. கடல் வந்துடுச்சு."

அவர்கள் எல்லோரும் தட்டோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் தொட்டியைப் பார்த்துக் கையை வாயில் வைத்துக்கொண்டார். "ஐயோ, இது எங்க ஊட்டு ஆட்டுத் தழையாச்சே! இதையா தொட்டில வச்சுப் பூசை பண்றீங்க?" உன் அம்மாவுக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது. அன்பரசன் என் கையிலிருந்து வாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். மண்டியிட்டு மூச்சு வேர்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊர்ல இன்னிக்கு ஏத்தம் காலைல எட்டரைக்கே வந்துடுச்சு" என்றார். தினமும் அரை நிமிடம் போலக் கணக்கில் விட்டிருக்கிறேன், அது எட்டு ஆண்டில் மலை போல ஏறியிருக்கிறது. செஞ்சிக்கு நான் கொண்டுவந்த கடல் எந்தக் கடலோடும் சேராத கடல். நான் நின்ற நிலையைப் பார்த்து அவர், "செடி ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலியே ஐயா" என்றார். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். நீங்கள் இருவரும் சிரித்த அந்த இடத்தில் நான் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "மழைக்காலத்துல ஆத்துல வெள்ளம் வந்துச்சுன்னா எங்க பக்கம் உப்பே இருக்காது வாத்தியாரே. குடிக்கலாம் போல இருக்கும். அப்பவும் இது ஜம்முனு நிக்கும்." நான் அது வேறு வகைக் கண்டலாக இருக்கும் என்று மரியாதையாகச் சொன்னேன்.

ஆறாவது. முதல் அறிவுரை: போகிற ஊரில் நேரத்தை அந்த ஊர்க்காரரிடமே கேட்டுக்கொள். எந்தப் புத்தகத்தின் கணக்கையும், உன் நைனாவின் கணக்கையும் நம்பாதே. இரண்டாவது: யாராவது "யோசிச்சு சொல்றேன்" என்றால் எந்த நாள் சொல்வார் என்று கையோடு கேட்டு வாங்கு. கல்லூரி சமயத்தில் நீ என்னிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது, எதையும் நிதானமாகச் செய் என்பது. அதை அடித்ததன் காரணம் உனக்கே தெரியும்.

ஏழாவது. நான் மூன்று வாரமாக யோசித்து எழுதிய பதில் இது: அன்பரசன் நல்ல மனிதர், அவர் விழுப்புரம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வருவதானால் எனக்குச் சம்மதம்.

இந்த வரியை எழுதி மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே உன் குரல். நீயும் அம்மாவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

"நல்லா பாத்துக்கம்மா. நைனா ஊத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு, கீழ இருக்கிற கட்டைய உருவி வுடு. உப்புத் தண்ணி பூரா எறங்கட்டும். அப்புறம் ரெண்டு கொடம் நல்ல தண்ணி மெதுவா ஊத்து. அதுவும் எறங்கினப்புறம் கட்டைய சொருவிடு."

"அடிப்பாவி! எம் முருங்கைய நீதானா கொன்னது?"

"கத்தாதம்மா, நைனா உள்ள இருக்குது. மொத கோடையில இலையெல்லாம் பழுத்துச்சே, அப்பலேர்ந்து ஊத்தறேன். உப்பு அப்படியே தங்கிடுச்சுன்னா வேரு வெந்துடும்."

"அதை அவர்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"அது ஆசையா கடல் கொண்டாந்து ஊத்துது. அதப்போய் வேணாங்கறதா? மூணு நாளைக்கு மறக்காம செய், போதும்."

"மூணு நாள் செய்யலாம். நீ கல்யாணமாகிப் போயிட்டா காலம் பூரா நானா தூக்குவேன்?"

நீ சிரித்தாய். "அதுக்கு நைனா மொதல்ல சரின்னு சொல்லணுமே."

நீங்கள் உள்ளே போகும்வரை அசையாமல் இருந்தேன். பிறகு ஏழு நோட்டையும் இறக்கிப் புரட்டினேன். "தொட்டியின் அடியில் ஈரம். காரணம் தெரியவில்லை." இந்த வரி எத்தனை பக்கத்தில் என்று எண்ணத் தொடங்கினேன், மூன்றாவது நோட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது, தேவகி. தனியாக உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்தேன், நீ கூடத்திலிருந்து "இன்னா நைனா?" என்று கேட்டாயே, அது இதற்குத்தான். கடல் ஏறுவதை நிமிடக் கணக்கில் படித்தவன், அது இறங்கியும் ஆக வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். நான் கரையில் நின்று பார்த்த அந்த ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர் என் கண் முன்னால் இறங்கியது. நான் என்னையே எண்ணிக்கொண்டிருந்தேன். குழாயடியில் நின்று பேசுவதற்கான சாக்கு என்று நான் நினைத்த அந்த இரண்டு குடத்தை நீ எட்டு ஆண்டுகள் என் கண்ணில் படாமல் சுமந்திருக்கிறாய், என் கடலை வேண்டாம் என்று சொல்லாமலே.

ஏழாவதில் எழுதிய வரியை அடித்துவிட்டேன். மாற்றல் வேண்டாம். அன்பரசனைத் தொட்டியில் வைக்க எனக்கு ஆசை இல்லை. உன்னையும்தான். என் பதில்: சரி. அந்த அம்மாளுக்கு இதே வார்த்தையில் ஒரு கார்டு எழுதி, காதர் பாயிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டேன். என் கையில் இருந்தால் அதையும் யோசிப்பேன். ஆவணியில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த நாளே நான் அங்கே வந்து படகில் ஏறுவேன். நீ என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று நாளும் குடம் தூக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. கட்டையை நான் உருவுகிறேன். நீ போன பிறகும் நானே உருவுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் திருத்திப் படியெடுக்க நேரம் இருக்கிறது. ஆனாலும் தலைப்புகளை எழுதியபடியே விட்டுவிடுகிறேன், நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது தவறு. கடல் வந்துகொண்டிருந்ததால் அந்தச் செடி பிழைக்கவில்லை. வந்த கடலைத் தினமும் ஒருத்தி போக விட்டாள்.

உன் நைனா